கையெழுத்துப் போட்டது யார்?



படம் ஒன்று விலை போயிற்று. நாள், 2018 அக்டோபர் 25. இடம், நியூயார்க். ஏலம் விட்டவர்கள் கிறிஸ்டி நிறுவனத்தார். கறுப்பு அங்கி அணிந்த கனவானின் படம். முகமோ மங்கல், மூக்கும் வாயும் கலங்கல்! 7,000 முதல் 10,000 டாலர் வரை தேறும் என்றார்கள். 4,32,500 டாலருக்குப் போயிற்று! ஓவியன் பெயர் இருக்கவேண்டிய இடத்திலே கணக்குச் சூத்திரம் ஒன்று இருந்தது. மனிதன் வரையவில்லை, கணிப்பொறி தானே வரைந்தது என்று வியந்தனர் சீமான்கள்!

தானே வரைந்ததாம்! கேட்ட குரலாக இல்லையா? கல்லைக் காட்டி, 'சுயம்பு' என்று சொன்னவர்களை நாம் கண்டதில்லையா? உளி பிடித்த கை எது என்று அன்று கேட்டவர்கள் நாம். இன்றும் கேட்போம்.

பாரிசு நகரத்து இளைஞர் மூவர், 14-ஆம் நூற்றாண்டு முதல் 20-ஆம் நூற்றாண்டு வரை தீட்டப்பட்ட 15,000 உருவப்படங்களைக் கணிப்பொறிக்குக் காட்டினர். அதிலே ஒரு பகுதி படம் போடும். மற்றொரு பகுதி, இது ஓவியன் வரைந்ததா, பொறி போட்டதா என்று சோதிக்கும். பிடிபட்டால் திருத்தம், மீண்டும் படம், மீண்டும் சோதனை! அந்தப் பதினைந்தாயிரம் படங்களுக்குப் பின்னே எத்தனை கைகள், எத்தனை கண்கள்! அந்த உழைப்பைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? வெற்றுத் திரை!

இந்தக் கதையின் வேர் தறியிலே இருக்கிறது. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு, 1804 வாக்கிலே, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு இழைகளைத் தூக்கும் பொறியைத் தறிமேல் ஏற்றினார். காஞ்சிபுரத்து நெசவாளத் தோழர்கள் அந்தப் பெயரை நன்கு அறிவார்கள். 1839-இல், ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கோத்து, அவர் உருவத்தையே பட்டிலே நெய்தார்கள். அந்த அட்டை முறையைத்தான் இங்கிலாந்தின் பாபேஜ் தமது கணக்குப் பொறித் திட்டத்திற்கு எடுத்துக்கொண்டார். ஆம்! கணிப்பொறிக்குப் பாட்டன் நெசவுத் தறி!

பட்டு மின்னியது, நெய்தவன் வயிறு நிறைந்ததா? 1831-இல் லியோன் நெசவாளர் குறைந்தபட்சக் கூலி விகிதம் கேட்டனர். விகிதம் எழுதப்பட்டது, வணிகர் பலர் மதிக்க மறுத்தனர். நவம்பரில் நெசவாளர் பொங்கி எழுந்தனர், நகரையே கைப்பற்றினர். பட்டாளம் வந்தது; கூலி விகிதம் செல்லாதென்று ஆக்கப்பட்டது. அவர்கள் சண்டை பொறியோடு அல்ல, கூலியை விழுங்கியவர்களோடு!

அன்று தோற்றது, பின்னொரு நாள் வேறோர் ஊரிலே வென்றது. 2023-இல் அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி எழுத்தாளர் சங்கத்தார் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். பெற்றது என்ன? பொறியை எழுத்தாளன் என்று கொள்ளக்கூடாது. பொறியைப் பயன்படுத்தியே தீரவேண்டுமென எழுத்தாளரை வற்புறுத்தக்கூடாது. பொறி எழுதியதைக் கையிலே கொடுத்தால், அதைச் சொல்லித்தான் கொடுக்கவேண்டும். ஆண்டவன் அருளிய வரமா இது? அல்ல, சங்கம் வென்ற உரிமை!

பொறியை உடைக்கச் சொல்லவில்லை நாம். பொறி வரட்டும், படமும் போடட்டும். ஆனால், அடியிலே கையெழுத்து விழும்போது, உழைத்தவன் பெயரும் அங்கே இருக்கட்டும். விற்ற காசிலே அவன் பங்கும் இருக்கட்டும்!