கல்பாத்திக்கு ஒரு சிக்கனப் பயணம்

வார விடுமுறைக்குக் கையைக் கடிக்காத பயணம் வேண்டுமா? கோவையில் ரயிலேறி பாலக்காடு சந்திப்பில் இறங்குங்கள். கல்பாத்தி அங்கிருந்து ஆட்டோ தூரம்தான். விசுவநாத சுவாமி கோயிலுக்குத் தெருவிலிருந்து படி இறங்கிப் போக வேண்டும், பின்னால் ஆறு. ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்பது ஊர்ப் பேச்சு. பகலில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். பிறகு அக்ரகாரத்தில் நடை போடலாம்: சுவரோடு சுவர் ஒட்டிய ஓட்டு வீடுகள், வாசல் கோலம், மலையாளம் கலந்த தமிழ். அப்பளம் வாங்காமல் திரும்பாதீர்கள்! பக்கத்திலேயே ஜைனமேட்டுச் சமணக் கோயில். 1907-இல் மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் ‘வீணபூவு’ கவிதையை எழுதியது ஜைனமேட்டில் தங்கியிருந்தபோதுதான். கல்பாத்தியில் நவம்பர் தேரோட்டத்தின்போது தெருவே கொள்ளாது. சிக்கனக்காரர்கள் வேறு வாரம் பார்த்துக்கொள்வது நல்லது.