மாங்காய் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்

சித்திரை, வைகாசியில் உடையார்பாளையம் பக்கத்து முந்திரிக் காடுகளில் பெண்களுக்கு ஓய்வே கிடையாது. விடிவதற்குள் போய், உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிக் கொட்டையைத் திருகி எடுத்து, வெயில் ஏறியபின் வீடு வந்தால் தலை கிறுகிறுக்கும். சோறு இறங்காது. அடித்துப் போட்டாற்போல் தூக்கம் வரும். 'வெயில் ஒத்துக்கலை' என்று மோரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். அது வெயில் இல்லை என்று சிலருக்கு அடுத்த மாதம்தான் தெரியவரும்.

மாமியாருக்கு மட்டும் முன்பே சந்தேகம். "என்னாடி, இந்த மாசம் தலைக்கு ஊத்திக்கலையா?" இந்த ஒரு கேள்வியில் பாதி மருத்துவம் இருக்கிறது. 'முழுகாம இருக்கா' என்று நம் ஊரில் சொல்வதே, கர்ப்பத்தின் முதல் அறிகுறியை எடுத்து அதற்குப் பெயராக வைத்ததுதான்.

நாள் தள்ளுவதையொட்டி மார்பு கனத்து வலிக்கும். அடிக்கடி சிறுநீர் வரும். நேற்றுவரை பிடித்த தாளிப்பு வாசனை இன்று குமட்டும். ஆனால் வாந்தி பெரும்பாலும் ஆறாவது வாரத்தையொட்டித்தான் தொடங்கும். சிலருக்கு வராமலே போகும். இன்னொன்றும் உண்டு. விலக்கு வரவேண்டிய நாளையொட்டி லேசாகப் பட்டுவிட்டு நின்றுவிடும். அதையே 'வந்துடுச்சு' என்று எண்ணி ஒரு மாதக் கணக்கைக் கோட்டை விடுபவர்கள் ஏராளம். பால் கொடுக்கும் தாய்க்கோ விலக்கு திரும்பும் முன்பே மறுபடி கரு தங்கிவிடலாம். அங்கே நாள் கணக்கே உதவாது.

மசக்கைக்குச் சங்க காலத்தில் 'வயவு' என்று பெயர். ஒரு சேர மன்னனைப் புகழும் புறநானூற்றுப் பாட்டு, அவன் நாட்டு மண்ணைப் பகைவர் உண்டதில்லை, வயவுற்ற பெண்கள்தான் உண்டார்கள் என்கிறது. புலவருக்கு அது பெருமை. இன்றைய மருத்துவருக்கு அது இரத்தசோகையைச் சந்தேகிக்க ஒரு காரணம். மண், சாம்பல், விபூதி, பல்பம், ஊறவைத்த அரிசி என்று வாய் தேடினால் செல்லமாகச் சிரித்துவிட்டுப் போகாமல் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். கர்ப்பிணிக்கு அது 11 கிராமுக்குக் கீழே இருக்கக் கூடாது.

சினிமாவில் கதாநாயகி மாங்காய் கடித்த பிறகுதான் வீட்டுக்கே விஷயம் தெரியும். நிஜத்தில் அது தாமதம். பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அப்போது நாள் தள்ளி இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். அந்தக் குழாய் சரியாக மூடத் துணைசெய்வது ஃபோலிக் அமிலம். தினம் 400 மைக்ரோகிராம். பிள்ளைக்கு ஆசைப்படும்போதே அதைத் தொடங்கிவிடுவது உத்தமம்.

மெடிக்கலில் கிடைக்கும் சோதனை அட்டை, கரு பதிந்தபின் சுரக்கும் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனைச் சிறுநீரில் கண்டுபிடிக்கிறது. காலையின் முதல் சிறுநீரில் அது செறிவாக இருக்கும். இரண்டு கோடு என்றால் கர்ப்பம். ஒரு கோடுதான் விழுந்தது, விலக்கும் வரவில்லை என்றால் ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். அதே கடையில் 'நாள் வரவைக்கிற மாத்திரை' கேட்டு வாங்குவது மட்டும் கூடவே கூடாது.

டாக்டர் 'ஆறு வாரம்' என்றதும், கல்யாணமான நாளை விரல் விட்டு எண்ணி முகம் சுளிக்கும் குடும்பங்கள் உண்டு. கடைசியாக விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணுவதுதான் மருத்துவக் கணக்கு. கருவின் உண்மை வயது அதில் ஏறக்குறைய இரண்டு வாரம் குறைவு. மருமகளிடம் எரிந்து விழ இதில் ஒன்றுமில்லை.

மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது, கண்ணு பட்டுவிடும் என்பார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், நியாயம்தான். நர்ஸம்மாவுக்குச் சொல்லியாக வேண்டும். 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்தால் பிக்மி எண் கிடைக்கும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வரை அந்த எண் கூடவே வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் (14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக) இந்தப் பதிவுதான் வாசல்.

கடைசியாக ஒன்று. கரு சில சமயம் கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயிலேயே தங்கிவிடும். நாள் தள்ளிய பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, உதிரப்போக்கு, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் என்று எது வந்தாலும் சூட்டு வலி என்று விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருக்காதீர்கள். ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கும் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.