ஆறாயிரம் குடித்தனமுள்ள அதிசய வீடு

ஒண்டுக் குடித்தனம் இருந்து பழகியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வாடகை ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் வாசலை ஒட்டிய அறைக்காரருக்குக் கிடைக்கும் காற்றும் வெளிச்சமும் கொல்லைப்புறத்து மூலை அறைக்காரருக்குக் கிடைப்பதில்லை. இந்த நியாயம் மனிதருக்கு மட்டுந்தான் என்று எண்ணிவிடாதீர்கள். ரொட்டிக் கடையில் மாவைப் பொங்க வைக்கிறதே ஈஸ்ட், அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஜீவனுக்குள்ளும் இதே கதைதான்!

ஈஸ்ட் என்பது ஒற்றை உயிரணு. அதற்குள் உட்கரு என்று ஒரு சிறு உருண்டை. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐந்நூற்றில் ஒரு பங்கு. இந்த வீட்டில் 16 குரோமோசோம் இழைகளும், அவற்றில் வரிசையாகச் சுமார் 6,000 ஜீன்களும் குடியிருக்கின்றன. இழைகளை நீட்டி ஒன்றோடொன்று முடிந்தால் 4 மில்லிமீட்டர் நீளம் வரும். உட்கருவை ஓர் எலுமிச்சம்பழம் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் தையல் நூலைவிட மெல்லிய இழை 80 மீட்டர் அடைந்து கிடக்கிறது!

சிக்கலில்லாத நூல்

இது வெறும் நூல் சிக்கலா? இல்லவே இல்லை. பதினாறு கயிறுகளையும் இடுப்பில் சேர்த்து ஒரே கைப்பிடியில் பிடித்தாற்போல, எல்லா இழைகளின் இடுப்பும் உட்கருவின் ஒரு பக்கத்தில் கூடியிருக்கிறது. முப்பத்திரண்டு நுனிகளும் சில கொத்துகளாகச் சேர்ந்து சுவரோடு ஒட்டியிருக்கின்றன. இடுப்புகளுக்கு நேர் எதிர்ப்பக்கத்தை 12-ம் குரோமோசோமின் ஒரு பகுதி தனியே பிடித்துக்கொண்டு, புரதத் தொழிற்சாலைக்கான உறுப்புகளைத் தயாரிக்கிறது. 2010-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் இந்த வீட்டுக்கு ஒரு முழுப் படமே வரைந்துவிட்டார்கள்.

மூலைக்குப் போனால் மௌனம்

சரி, இடத்தால் என்ன லாப நஷ்டம்? 1990-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. ஈஸ்ட்டில் ஒரு ஜீன் உண்டு. அது வேலை செய்தால் ஈஸ்ட் கூட்டம் வெள்ளையாக வளரும், உறங்கினால் சிவந்துவிடும். அதைக் குரோமோசோமின் நுனியருகே கொண்டுபோய் வைத்தார்கள். வெள்ளைக் கூட்டங்களோடு சிவப்புக் கூட்டங்களும் முளைத்தன! ஜீனில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. மாறியது குடியிருந்த இடந்தான்.

அப்படியானால் சுவரோரம் என்றாலே சாபக்கேடா? அதுவும் இல்லை. சுவரில் துவாரங்கள் இருக்கின்றன. அவைதாம் வீட்டின் வாசல்கள். வேலை செய்யும் ஜீன்கள் வாசலைத் தேடி வரக்கூடும் என்று குந்தர் பிளோபெல் 1985-ம் ஆண்டிலேயே ஊகித்தார். 2004-ம் ஆண்டில் ஜேசன் பிரிக்னரும் பீட்டர் வால்டரும் அதைக் கண்ணால் பார்த்தார்கள். இனோசிடால் என்ற சத்து உணவில் இல்லாதபோது, அதைத் தயாரிக்கும் ஜீன் உட்புறத்திலிருந்து சுவருக்கு வந்து சேர்ந்தது. வேலை முடிந்த பின்னும் சில தலைமுறைகள் வரை அங்கேயே தங்கியது. மறுபடியும் அழைப்பு வரும் என்று காத்திருப்பது போல!

வீட்டை மாற்றிக் கட்டினார்கள்

2018-ம் ஆண்டில் ஷாங்காய் விஞ்ஞானிகள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். 16 குரோமோசோம்களையும் ஒட்டி ஒன்றே ஒன்றாக்கிவிட்டார்கள். பழைய அண்டை அயல் உறவுகள் பெரும்பாலும் அறுந்தன. ஈஸ்ட் செத்துப்போயிற்றா? இல்லை. பெரும்பாலான ஜீன்கள் பழையபடியே வேலை செய்தன. ஆனால் சாதாரண ஈஸ்ட்டுடன் போட்டியிட விட்டபோது அது பின்தங்கியது. இடம் முக்கியந்தான், ஆனால் இடமே சர்வமும் அல்ல!

இந்த ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் உடலின் உயிரணுக்களிலும் உட்கரு உண்டு. ஈஸ்ட்டில் இல்லாத ஒரு புரத வலை அதன் சுவருக்கு உள்ளே தாங்கலாக நிற்கிறது. அந்தப் புரதத்துக்கான ஜீனில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தால் உட்கரு உருக்குலைகிறது. பிள்ளைப் பருவத்திலேயே முதுமை கோலம் காட்டும் புரோஜீரியா என்ற கொடிய நோய் வருகிறது. 2003-ம் ஆண்டில் தெரியவந்த உண்மை இது. வீட்டின் சுவர் பழுதானால் குடியிருப்போர் பாடு என்ன ஆகும் என்பதை அறிய, எளிய வீட்டிலிருந்துதானே பாடம் தொடங்க வேண்டும்?

நாளைக் காலையில் ரொட்டித் துண்டைப் பிட்டு வாயில் போடுமுன், அதைப் பொங்க வைத்துவிட்டு அடுப்பில் உயிர்விட்ட அந்தச் சிறு ஜீவனை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.