ஒர்க் ஃப்ரம் ஹோம்: பீடித் தட்டு முதல் லேப்டாப் வரை

கல்யாணத் தரகர்களின் நோட்டில் இப்போது ஒரு புதுத் தகுதி ஏறியிருக்கிறது. ‘பையன் ஒர்க் ஃப்ரம் ஹோம்’ என்கிறார்கள். எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் அப்புறம்தான். கொரோனாவுக்கு முன்னால் இதையே சொல்லியிருந்தால், பையனுக்கு வேலை இல்லை போலிருக்கிறது என்று பெண் வீட்டார் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். வேலை செய்யும் முறைக்கு இங்கிலீஷ்காரர் வைத்த பெயர், நம்மவர் வாயில் ஆளுக்கே பெயராகிவிட்டது. ‘எதிர்வீட்டு அக்கா ஒர்க் ஃப்ரம் ஹோம்’ என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

இதற்கு அண்ணன், அக்கா முறையில் நிறையச் சொற்கள் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் ராக்கெட் வேலையை விட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஒரு பொறியாளர், 1973-ல் ‘டெலிகம்யூட்டிங்’ என்ற சொல்லை உருவாக்கினார். ஊர் முழுக்கக் காரில் ஆபீசுக்குப் போய் நெரிசலில் நிற்பதற்குப் பதில், வேலையையே ஆட்களிடம் அனுப்பினால் என்ன என்பது அவர் யோசனை. அமெரிக்க அரசு 2010-ல் இதற்குச் சட்டம் போட்டபோது ‘டெலிஒர்க்’ என்று எழுதியது. ‘ரிமோட்’டும் ‘ஹைபிரிட்’டும் நம் ஹெச்.ஆர். மெயில்களில் பரவலாகப் புழங்கத் தொடங்கியது கொரோனாவுக்குப் பிறகுதான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பே, 1966-ல், நம் நாட்டுச் சட்டப் புத்தகத்திலேயே ‘ஹோம் ஒர்க்கர்’ வந்துவிட்டார். ஐ.டி. ஊழியர் அல்ல, பீடி சுற்றுகிறவர். பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், முதலாளியோ கான்ட்ராக்டரோ கொடுக்கும் இலையையும் தூளையும் வாங்கிப்போய் வீட்டில் பீடியாக்கித் தருகிறவரை இந்தப் பெயரிட்டு அழைத்தது. அவரும் தொழிலாளிதான் என்றும் சொன்னது.

நெல்லை, தென்காசிப் பக்கம் போனால் அந்த ஒர்க் ஃப்ரம் ஹோமை இன்றும் பார்க்கலாம். ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிடுவார்கள். காலையில் தகட்டை வைத்து அளவாகக் கத்தரிப்பது, மடியில் தட்டை வைத்துக்கொண்டு தூளைத் தூவிச் சுற்றுவது, நூலைக் கட்டி வாயை மடிப்பது என்று போகும். இடையில் உலை கொதிக்கும், பிள்ளை அழும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கொடுத்த இலையில் ஓட்டை அதிகம் என்றால், குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வாங்கி எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும். கடையில் செக்கர் கட்டைப் பிரித்துப் பார்த்து, பிடிக்காததைக் கழித்துப் போடுவார். கழித்ததற்குக் கூலி கிடைப்பது சந்தேகம்தான்.

அந்தக் கழிப்பில்தான் ஒரு சட்ட நுணுக்கம் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவர் எங்கள் கண்காணிப்பில் இல்லை, அவருக்கு எதற்கு பி.எஃப். என்று முதலாளிகள் தரப்பு வாதாடியது. சரக்கைக் கழிக்கும் உரிமை கையில் இருக்கிறதே, அதுவே கண்காணிப்புதான் என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டுத் திண்ணையில் இருந்தவர்களுக்கு பி.எஃப். உறுதியானது அப்படித்தான்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். மாதச் சம்பளக்கார ஐ.டி. பிள்ளைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. பகலெல்லாம் ஏசி ஓடி, கரண்ட் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டி ஸ்லாப் மாறினால் அவர்கள் முணுமுணுப்பார்கள், கட்டிவிடுவார்கள். பயமெல்லாம், வீட்டிலிருந்தபடி படத்துக்கு இத்தனை பைசா என்று கம்ப்யூட்டருக்குக் காரையும் மாட்டையும் அடையாளம் காட்டித் தருகிறவர்கள், ஆடியோவைக் கேட்டு நிமிஷக் கணக்கில் டைப் அடிக்கிறவர்கள் ஆகியோரைப் பற்றித்தான். இங்கேயும் பீஸ் ரேட். லேப்டாப், நெட், கரண்ட் எல்லாம் சொந்தச் செலவு. கழிக்கவும் ஆள் உண்டு, க்யூ.சி. என்று பெயர். ஆனால் இவர்களுக்கு ஒட்டியிருக்கும் சொல் ‘ஃப்ரீலான்சர்’. அது காதுக்கு கௌரவமாக இருக்கிறது. கூடவே பி.எஃப். காணாமல் போகிறது.

பிடித்த நேரத்தில் வேலை செய்யலாம், பிள்ளையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று இதைப் புகழ்கிறவர்களும் உண்டு. பீடி சுற்றும் பெண்களிடமும் அதைத்தானே சொன்னார்கள்!

உலகத் தொழிலாளர் அமைப்பு 1996-லேயே வீட்டுத் தொழிலாளர்களுக்கென்று ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது. செய்து கொடுப்பது பொருளா, சேவையா என்று அது பேதம் பார்க்கவில்லை. இந்தியா அதில் சேரவில்லை. 1966 சட்டத்தையும் 2020-ன் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைத்தாயிற்று.

அந்தப் பழைய சட்டத்தில், பீடியைக் கழித்ததில் தகராறு வந்தால் இழுத்தடிக்காமல் விசாரித்துத் தீர்க்க ஒரு பிரிவே இருந்தது. கழித்துப் போட்ட படத்துக்கும் ஆடியோவுக்கும் எங்கே போய் முறையிடுவது என்று லாகின் கொடுத்தவர்களைக் கேட்டால், ஹெல்ப் பேஜ் லிங்க் ஒன்றை அனுப்பிவைக்கிறார்கள்.