விட்டுவிட்டு வருவது வேறு, வீடு தேடிக் கொடுப்பது வேறு

வளவில் பூனை குட்டி போட்டுவிட்டால் எங்கள் ஊர்களில் வழக்கமாக நடப்பது ஒன்றுதான். குட்டிகள் கண் திறந்த கையோடு சாக்கில் போட்டுக் கட்டி, சைக்கிளில் கொண்டுபோய்ச் சந்தையடியிலோ கோயிலடியிலோ விட்டுவிட்டு வருவார்கள். "அங்க சாப்பாடு கிடைக்கும், பிழைச்சுக்கொள்ளும்" என்று மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள். பால்குடி மறவாத குட்டி எப்படிப் பிழைக்கும்? நாய் கடித்தோ, வாகனத்தில் அகப்பட்டோ, பசியில் கிடந்தோ சாகிறது.

இப்படிக் கைவிடப்படும் பூனைகளைக் கிளிநொச்சி மாவட்டத்தில் எனது வளவுக்குள் உள்ள ஒரு தகரக் கொட்டிலில் வைத்துப் பராமரித்து, விருப்பமானவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். ஒழுங்கைப் பிள்ளைகள் அதற்குப் 'பூனை மடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சந்தையில் மீன் வெட்டுபவர்கள் தலைகளையும் கழிவுகளையும் எடுத்து வைத்துத் தருவார்கள். அவற்றை அவித்து, முள் எடுத்து, கொஞ்சச் சோற்றோடு பிசைந்து வைப்பேன்.

2008 இன் பிற்பகுதியில் ஊர் இடம்பெயர்ந்தபோது ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டுத்தான் புறப்பட்டோம். அந்த அவசரத்தில் பூனையை யார் தேடிப் பிடிப்பது? 2010 இல் மீள்குடியேறி வந்தபோது, கூரையில்லாத வீடுகளுக்குள்ளும் பற்றைகளுக்குள்ளும் பூனைகள் திரிந்தன. ஆளைக் கண்டால் ஓடின. அவற்றில் ஒன்று என் அடுப்படிக்கு வரத் தொடங்கியது. அதற்குச் சோறு வைப்பதைக் கண்டவர்கள், தங்கள் வளவில் கிடந்த குட்டிகளையும் கொண்டுவந்து தந்தார்கள். கொட்டில் அப்படித்தான் உருவானது.

"மனிசருக்கே இருக்க இடமில்லை, பூனைக்கு மடமோ?" என்று என் பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் பூனைகளை வாங்கிப் போகிறவர்கள் யார் என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். பெரும்பாலும் தனியாக வாழும் பெண்கள், நெல் மூடையை வீட்டுக்குள் அடுக்கி வைத்திருக்கும் குடும்பங்கள். எலி ஒரு மூடையைக் கொறித்தால் நட்டம் அந்தக் குடும்பத்துக்குத்தான். எலிக்காய்ச்சலும் எலியின் சிறுநீரால்தான் பெரும்பாலும் பரவுகிறது.

கேள்வி கேட்காமல் கொடுப்பதில்லை

வந்து கேட்ட உடனே பூனையைத் தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. மூன்று விடயங்களைக் கேட்பேன். கோழி வளர்க்கிறீர்களா? வீட்டில் யாருக்காவது தொய்வு இருக்கிறதா? நீங்கள் வேலைக்குப் போனால் சாப்பாடு வைப்பது யார்?

முதற் கேள்வி முக்கியமானது. வாழ்வாதார உதவியாகக் கிடைத்த கோழிக்குஞ்சுகளை நம்பிச் சீவிக்கும் குடும்பம் எத்தனையோ உண்டு. பறவை பிடித்துப் பழகிய பூனையை அங்கே கொடுத்தால் இரண்டு பக்கமும் நட்டம். கோழிகளோடு வளர்ந்து பழகிய பூனையைத்தான் அவர்களுக்குத் தெரிவு செய்து கொடுப்பேன். அப்போதும் குஞ்சுகள் பெரிதாகும் வரை கூட்டை வலையால் மூடச் சொல்வேன்.

சின்னக் குட்டிதான் வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். 2009 இல் காணாமற் போன மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஓர் அம்மாவும் அப்படித்தான் கேட்டார். துள்ளித் திரியும் குட்டிக்குப் பின்னால் ஓட அவரது முழங்கால் இடம் கொடுக்காது. ஒரு கண் பார்வையில்லாத, வயதான பெட்டைப் பூனையைக் காட்டினேன். யோசித்துவிட்டுக் கொண்டுபோனார். பிறகு பார்க்கப் போனபோது சொன்னார்: "முந்தி இரவில படலை சத்தம் கேட்டால் நான் மட்டும் எழும்பிப் போய்ப் பாப்பன் பிள்ளை. இப்ப இதுவும் எழும்பி என்னோட வருது." பூனை மகனுக்கு ஈடாகாது. ஆனால் அந்த இருட்டில் அவர் தனியாக நடப்பதில்லை.

கறுப்புப் பூனை

கொடுக்கக் கடினமானது கறுப்புப் பூனைதான். குறுக்கே போனால் காரியம் கெடும் என்பார்கள். கறுப்பு என்பது உரோமத்தின் நிறம் மட்டுமே. எலி பிடிப்பதிலும் அன்பு காட்டுவதிலும் வேறு நிறப் பூனைகளுக்கு அது குறைந்ததல்ல. எனினும் மற்றக் குட்டிகள் எல்லாம் போனபின்பும் ஒரு கறுப்புக் கடுவன் மாதக்கணக்கில் என்னிடம் நின்றது.

கணவரை இழந்த ஒரு தங்கச்சி அரிசி ஆலைக்குப் போகும் வழியில் அதைப் பார்த்துவிட்டு, "ஏன் அக்கா இதை ஒருதரும் கொண்டுபோகேல்லை?" என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "கலியாண வீட்டில என்னையும் முன்னுக்கு வரவேண்டாம் எண்டுதான் சொல்லுகினம். தாங்கோ, இது என்னோட இருக்கட்டும்" என்றாள்.

சகோதரிகளே, பூனைக்கு ஒரு சகுனம், கைம்பெண்ணுக்கு ஒரு சகுனம் என்று வைத்திருப்பது ஒரே மூடப்பழக்கத்தின் இரண்டு பக்கங்கள்தான். ஒன்றை நம்புகிறவர்கள் மற்றதையும் நம்புவார்கள். நாமாவது இரண்டையும் விட்டுவிடலாமே.

கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

குட்டிக்கு எட்டு வாரமாவது ஆகும் வரை தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை மனிதர் கைபட்டு வளர்ந்த குட்டி பயமில்லாமல் பழகும். பசுப்பால் பல பூனைகளுக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும்; குடிக்கத் தண்ணீரே போதும். உப்புக் கருவாடு வேண்டாம். காய்ச்சல் என்று பனடோல் கொடுக்கவே கூடாது. ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

கொண்டுபோவதற்குச் சாக்கு வேண்டாம். துளை போட்ட அட்டைப் பெட்டிக்குள் பழைய துணி போட்டு வையுங்கள். புது வீட்டில் முதல் சில நாட்கள் ஒரே அறையில் வைத்து, இரண்டு மூன்று வாரம் வெளியே விடாமல் பழக்க வேண்டும். உடனே திறந்துவிட்டால் பழைய இடத்தைத் தேடிப் புறப்பட்டு வழியில் தொலைந்துவிடும்.

யார், எந்தத் திகதியில் கொண்டுபோனார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். இரண்டு வாரத்தில் ஒரு தடவை, இரண்டு மாதத்தில் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். காசு வாங்குவதில்லை. ஒரேயொரு வாக்குறுதிதான்: வளர்க்க முடியாமற் போனால் சந்தையில் விடாமல் என்னிடமே திருப்பித் தரவேண்டும்.

நோய் பற்றிய பயம்

வீட்டில் கர்ப்பிணித் தாய் இருந்தால் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. பூனையின் மலத்தில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி கருவில் உள்ள பிள்ளையைப் பாதிக்கலாம். அது மலத்தோடு வெளியேறி ஒரு நாளாவது சென்ற பின்னரே தொற்றும் நிலைக்கு வருகிறது. ஆகவே மலத்தை நாள்தோறும் அகற்ற வேண்டும். அதை வீட்டில் வேறொருவர் செய்யட்டும். மரக்கறியை நன்றாகக் கழுவி, இறைச்சியை நன்றாக அவித்துச் சாப்பிடுங்கள்.

விசர்நோய் நாயிடமிருந்து மட்டுமல்ல, பூனையிடமிருந்தும் வரும். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். உங்கள் பகுதியில் தடுப்பூசி எப்போது போடுவார்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வையுங்கள்.

பெருகாமல் தடுப்பதே பெரிய உதவி

ஒரு பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும். ஏறக்குறைய ஒன்பது வாரத்தில் குட்டி போடும். ஆண்டுக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு குட்டி என்றால் 12. அத்தனைக்கும் வீடு தேட என்னாலும் முடியாது, யாராலும் முடியாது. கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றி மிருக வைத்தியரிடம் கேளுங்கள். தனியாகப் போய்வரச் செலவு அதிகம் என்றால், அயலில் நாலு பேர் சேர்ந்து ஓர் ஓட்டோவில் போகலாம்.

எங்கோ கொண்டுவந்து இறக்கிவிடப்படுவது எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. உங்கள் வளவில் குட்டிகள் இருந்தால் எட்டு வாரம் வைத்திருங்கள். அதற்குள் அயலில் நாலு வீட்டில் விசாரியுங்கள். சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது சொல்லி வையுங்கள். எலித் தொல்லையோடும் தனிமையோடும் இருக்கிற யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார். அவரிடம் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.