ஹீத்கிட் எஸ்பி-220 வால்வு பெருக்கி
மிச்சிகன், அமெரிக்கா, 1970கள்

ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலி நிலையத்தில் டிரான்ஸ்மிட்டருக்கும் ஆண்டெனாவுக்கும் இடையே இணைக்கப்பட்ட கருவி இது. சுமார் 100 வாட் சிக்னலை வாங்கி, கடல் கடந்தும் தெளிவாகக் கேட்கும்படி பல மடங்கு வலுவாக்கியது. விற்பனைக்கு வந்தது முழுக் கருவியாக அன்று, உதிரிப் பாகங்களாக. வாங்கியவரே கையேட்டைப் படிப்படியாகப் பின்பற்றி, ஒவ்வோர் இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தார்.

உள்ளே நிற்கும் இரண்டு பெரிய கண்ணாடிக் குழாய்கள் 3-500இசட் வால்வுகள். வேலை செய்யும்போது அவற்றின் உலோகத் தகடுகள் செக்கச்சிவந்து கனலும். அது பழுதன்று: குழாய்க்குள் எஞ்சிய வாயுவை உறிஞ்சி வெற்றிடத்தைக் காக்க அந்தச் சூடு தேவை. ஆனால் கம்பிகள் கண்ணாடிக்குள் நுழையும் இடம் குளிர்ந்திருக்க வேண்டும். அதற்காகவே விசிறி, அது நின்றால் வால்வு கெடும்.

வால்வுத் தகடுகளுக்குச் செல்லும் மின்னழுத்தம் ஏறத்தாழ 3000 வோல்ட். இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். பழுது பார்ப்பவர்கள் மீட்டர் முள் சுழியத்துக்கு இறங்கிய பின்பே மூடியைத் திறந்தனர். வால்வுகளுக்கு முன்பே மூப்படைபவையும் இந்த மின்தேக்கிகளே. இன்றும் இயங்கும் பல எஸ்பி-220களில் அவை புதிதாக மாற்றப்பட்டவை.