வண்டியோடு கடல் தாண்டி

மும்பையின் செம்பூர், மாட்டுங்கா நண்பர் கூட்டத்துக்குக் கோடையில் கடற்கரைக் கூடாரம் என்றால் அலிபாக், காஷித் பக்கம்தான். அலிபாக்குக்குச் சாலை வழியே சுமார் 100 கிலோமீட்டர். 2020 மார்ச்சில் தொடங்கிய ரோ-ரோ கப்பலோ, பாவுச்சா தக்காவில் காரையும் பஸ்ஸையும் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் அலிபாக் பக்கத்து மாண்ட்வாவில் இறக்கிவிடுகிறது.

படுக்கை, அடுப்படியோடு ஓடும் கேரவன் சுற்றுலாவுக்கு 2021-இல் மகாராஷ்டிர அரசு தனிக் கொள்கையே வகுத்தது. நல்ல முடிவு.

ஆனால் வண்டியை மணலில் இறக்கவே வேண்டாம்! இங்கே கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி வற்றும். அந்த நேரமும் தினம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். காலையில் காய்ந்து கிடந்த இடம் மதியம் நீருக்குள் போய்விடும். மணலில் புதைந்த சக்கரம் லேசில் வராது.

அலிபாக்கின் கொலாபா கோட்டைக்கு நீர் வற்றும்போது நடந்தே போகலாம்; திரும்பும் நேரத்தை உள்ளூர்க்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.